வத்தலக்குண்டு வரை படித்த கதை

சௌகத் அலி காகிதக் கட்டை அவிழ்த்து மேசைமேல் வைத்தபோதே பவுல்ராஜ் பார்வையைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அப்போதுதான் காப்பி குடித்திருந்தார். பேகம்பூரில் ஒரு தோல் கிடங்கில் கிளார்க்கான அலி, சட்டையில் மேல் பித்தான்வரை போட்டுக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா எழுதுன மதிப்புரையை மனப்பாடமா வச்சிருக்கேன். அம்புட்டும் நியாயம். அதான், புதுக் கதைய நீங்க சொன்னபடியே எழுதிக் கொண்டாந்திருக்கேன்."

பவுல்ராஜ் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர்; மதுரையிலிருந்து வரும் ஒரு மாத இதழில் மதிப்புரையும் எழுதுவார். ஐம்பத்தெட்டாம் வருஷம் மாசியில், அலி சிறுவர்களுக்காக எழுதிய முதல் மர்ம நாவல் அவரிடம் வந்தது. செம்பட்டியில் மாமனார் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், பொழுது போகட்டுமே என்று பிரித்தார். அய்யலூர்ச் சந்தையில் ஒரு கிடாய் காணாமல் போகிறது. ஊரே கிடாயைத் தேட, இரண்டு சிறுமிகள் மட்டும் அதன் கழுத்து மணியைத் தேடிப் போகிறார்கள். கண்டக்டர் தோளைத் தட்டியபோது பஸ் வத்தலக்குண்டில் நின்றுகொண்டிருந்தது. செம்பட்டி எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. திரும்புகிற பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் மீதியையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

எழுத உட்கார்ந்தபோது இதழாசிரியரின் முகமும் மற்றப் புலவர்களின் முகமும் முன்னால் வந்து நின்றன. ஆட்டுத் திருடன் கதையைத் தமிழாசிரியன் மெச்சினால் சிரிக்க மாட்டார்களா? 'பிஞ்சு உள்ளத்தில் நஞ்சு. நீதி சொல்லாத நூல் நூலன்று' என்று எழுதினார். அந்த வரியைப் பாராட்டி நாலு கடிதம் வந்தது. ஏதோ ஒரு பள்ளி, வாங்கிய பிரதிகளைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் காதில் விழுந்தது. அதன்பிறகு பேகம்பூர்ப் பக்கம் போவதையே அவர் குறைத்துக்கொண்டார்.

இப்போது புதுக் கதையைப் படித்தார். முதல் பக்கத்திலேயே திருடன் பெயர் இருந்தது. அதே சிறுமிகள்தான், ஆனால் ஒருத்தியும் ஓடவில்லை, ஒளியவில்லை. அத்தியாயத்துக்கு ஓர் அறிவுரை. மூன்றாம் பக்கத்தில் வந்த கொட்டாவியை அடக்கிக்கொண்டார். இதை எழுதியது தன் கைதான் என்று பட்டது.

"இத முதல்ல வேற மாதிரி எழுதியிருந்தீங்களா, பாய்?"

"இருந்துச்சுங்கய்யா. மதிப்புரையைப் பாத்ததும் அடுப்புல வச்சுட்டேன்."

பவுல்ராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "பாய், நான் பொய் எழுதிட்டேன். ஒங்க புத்தகத்தப் படிச்சுக்கிட்டே செம்பட்டில எறங்க மறந்து வத்தலக்குண்டு போனவன் நான்."

அலி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அப்ப ஏங்கய்யா அப்பிடி எழுதுனீங்க?"

"பயந்துட்டேன்."

"அந்தக் கிடாய்க் கதை எம் மக நசீம் பானுவுக்காக எழுதுனது," என்றார் அலி. "ஒங்க மதிப்புரையப் படிச்சிட்டு, 'அத்தா, நீங்க கெட்டதையா எழுதுறீங்க?'ன்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன்."

"அடுத்த இதழ்லயே திருத்தி எழுதிடுறேன்."

"எழுதுங்க. அவ இப்பக் கதையே படிக்கிறதில்ல."

அலி தாள்களை அடுக்கி நூலால் கட்டினார். பவுல்ராஜால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "எரிச்ச கதையில... திருடன் யாரு பாய்?"

அலி அவரை முதல்முறையாக நேராகப் பார்த்தார். "அதச் சொல்லிட்டா, பெறகென்ன கதைங்கய்யா?" என்றபடி செருப்பை மாட்டிக்கொண்டார்.

பவுல்ராஜ் சன்னலுக்கு வந்தார். தெருமுனை வெயிலில் அலி நின்றுவிட்டிருந்தார். சுவரோடு காகிதக் கட்டை அணைத்துப் பிடித்து, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துக் குனிந்தார். தோள் அசைந்தது. எழுதுகிறாரா, எழுதியதை அடிக்கிறாரா என்று அங்கிருந்து தெரியவில்லை.