நபாச்சியின் மூச்சு

அந்தக் குளிர்காலம் முழுக்க நபாச்சி விட்ட மூச்சு எதுவும் கலையவில்லை. மற்றவர்கள் வாயிலிருந்து வரும் ஆவி இரண்டடி போய் மறைந்துவிடும். அவளுடையது விட்ட இடத்திலேயே, வாய் உயரத்தில், தலையணை போல வெள்ளையாக நின்றது. எந்தக் காற்றுக்கும் அசையவில்லை. கடைக்குப் போனால் கடை வரைக்கும் வரிசை, யார் வீட்டுக்காவது போனால் அந்த வாசல் வரைக்கும் வரிசை. வடதுருவத்தை ஒட்டிய பாஃபின் தீவில் எங்கள் ஊர் எவ்வளவு சின்னது என்றால், தும்மினால் ஊர்க்கோடிவரை கேட்கும். காசநோய் என்று நர்ஸ் சொன்னதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை, மூச்சு சொல்லிவிட்டது. "எங்க வீட்டுப் பக்கம் வராத தாயி, வாசல்ல அடையாளம் நின்னுபோகுது" என்றார்கள். பனிவண்டிக்காரர்கள் அந்த வரிசைகளைச் சுற்றிப் புதுத் தடம் போட்டுக்கொண்டார்கள்.

அவள் அப்பா மோசஸி சிறுவனாக இருந்தபோது ஆஸ்பத்திரிக் கப்பல் வந்து ஊரார் நெஞ்சையெல்லாம் எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்தது. நெஞ்சில் கறை தெரிந்தவர்களைக் கரையிறங்க விடாமல் தெற்கே கொண்டுபோனது. அவருடைய தாய் நபாச்சி அப்படிப் போனவள்தான்; எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அந்தப் பெயரைத்தான் மகளுக்கு வைத்தார். எங்கள் வழக்கப்படி, பெயர் யாருடையதோ ஆளும் அவரே. ஆகவே கைக்குழந்தையாய் இருந்தபோதே அவளை "அம்மா" என்றுதான் கூப்பிட்டார். அவளும் பேச்சு வந்ததும் அப்பாவை "மகனே, தலையச் சீவு" என்று அதட்டினாள். நோய் வந்ததும் மோசஸியின் மருமகள் உலாயு, "பேரோட சேந்து அதுவும் வந்துருச்சு, இனி யாருக்கும் அந்தப் பேரு வேணாம்" என்றாள். மோசஸி மறுக்கவில்லை. தாயை இரண்டாம் தடவை பறிகொடுக்க அவருக்குத் தெம்பில்லை. அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

நர்ஸ் கண்ணெதிரில் நபாச்சி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினாள். இருமல் நின்றது, உடம்பு தேறியது. நர்ஸ் ஊர் ரேடியோவில், இனி அவளிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று அறிவித்தார். நடுத்தெருவில் ஒரு மூச்சுக்குள் தலையை விட்டும் காட்டினார். "அவங்களுக்கென்ன, நாளைக்கே பிளேன் ஏறிருவாங்க" என்றது ஊர். குணமான மகிழ்ச்சியில் நபாச்சி ஓடிப்போய், "மகனே, கதவத் தொற" என்று அப்பா வீட்டு வாசலில் கூப்பிட்டாள். கதவு திறக்கவில்லை. கூப்பிட்ட மூச்சு நிலைவாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட, அன்றிலிருந்து மோசஸி ஜன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் போய்வந்தார். வயிறு மாட்டிக்கொள்ளும், உலாயு உள்ளேயிருந்து இழுப்பாள். "கதவுன்னு ஒண்ணு இருக்கு மாமா" என்று திட்டுவாளே தவிர, அவளும் கதவைத் திறக்கவில்லை.

வசந்தத்தில் மோசஸி ஒரு கடல்நாய் அடித்தார். "எங்க வீட்டுல கறி இருக்கு, கத்தி எடுத்துட்டு எல்லாரும் வாங்க" என்று ரேடியோவில் அழைத்தார். எல்லாரும் என்றால் எல்லாரும் இல்லை. நபாச்சியின் பங்கு பிளாஸ்டிக் பையில் அவள் கதவுக் கைப்பிடியில் தொங்கும். அவளுக்குக் கறியா பெரிது? அந்தத் தரையில் உட்கார வேண்டும், அம்மா என்று ஒரு தடவை காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். பாவம், அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மூச்சு விடுவதை நிறுத்தினாள். வீட்டிலிருந்து நடந்து வந்தாள்; வழியில் புதிதாக ஒன்றும் நிற்கவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்கள், "சரியாயிட்டா, உள்ள வரட்டும்" என்றார்கள். அவளும் ஜன்னலேறித்தான் வந்தாள். பிறகு ஒருநாள் நர்ஸ் குழாய் வைத்துப் பார்த்து, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, உள்ளே ஒரு சத்தமும் இல்லை என்றார்.

தரையில் விரித்த அட்டையைச் சுற்றி ஜனங்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். மோசஸி ஈரலில் நல்ல துண்டாக அறுத்து நீட்டினார். "சாப்பிடும்மா" என்றார். அவள் கண்கள் நிறைந்துவிட்டன. வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். மகனே என்று சொல்ல மூச்சு வேண்டும். அதன்பின் எந்த வீட்டில் கறி போட்டாலும் அவளைக் கூப்பிடத் தவறுவதில்லை. வருவாள், உட்காருவாள், தின்பாள். "என்கிட்டப் பேசவே மாட்டியா அம்மா?" என்று மோசஸி கேட்பார். பக்கத்திலிருப்பவர்கள் தாங்கள் பாதி குடித்த தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்துவார்கள்.