இரண்டு நொடி மௌனம் பற்றிய உட்பிரிவு

1.

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என் சட்டையைப் பிடிக்க வேண்டாம். நான் சட்டத் துறையில் வரைவாளன். மேலே இருப்பவர்கள் ‘இது கூடாது’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள். அதை நாற்பது பிரிவுகளாக இழுப்பது என் பிழைப்பு. கேட்காமலே நம் காதுக்குள் வந்து எதையாவது விற்கிற தானியங்கித் தொலைபேசி அழைப்புகளைக் கட்டுப்படுத்தும் சட்டமுன்வடிவு என் மேசைக்கு வந்தது. பொதுமக்களிடம் கருத்துக் கேட்டோம். வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் நகலெடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். எழுதியவர் ஒரு தையல்காரப் பெண்.

2.

தொடக்கம் அ: ‘அவள் காலத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள்.’ (சீ. அவள் தைத்தது பள்ளிச் சீருடை.)

தொடக்கம் ஆ: ‘ஏழு வருடங்களுக்கு முன் ஒரு சண்டையில் அவளுடைய தம்பி வீட்டை விட்டு’

இதை முடிக்கக் கை வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

தொடக்கம் இ: போன் அடிக்கிறது. இதுதான் சரி.

3.

போன் அடிக்கிறது. மதியம், அறை முழுக்க நீலத் துணி. அவள் தையல் மெஷினை நிறுத்துகிறாள், மடியிலிருந்து போனை எடுக்கிறாள். “ஹலோ” என்கிறாள். எதிர்முனையில் மௌனம்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இங்கேயே சொல்கிறேன். அழைக்கும் இயந்திரம் ஒரே நேரத்தில் நூறு எண்களைக் கூப்பிடுகிறது. எடுத்தது மனிதர்தான் என்று உறுதி செய்துகொள்ள அதற்கு இரண்டு நொடி வேண்டும். பிறகுதான் அந்தத் தேன் குரல்.)

அந்த இரண்டு நொடியில் அவள், “தம்பியா?” என்று கேட்கிறாள்.

“வணக்கம், உங்களுக்காக ஓர் அரிய வாய்ப்பு” என்கிறது குரல்.

ஒரு நாளைக்குப் பதினான்கு முறை. பதினான்கு முறையும் ‘தம்பியா?’ என்று கேட்டுவிடுவதாகக் கடிதத்தில் எழுதியிருந்தாள். அந்த வரியில்தான் நகலெடுக்க எழுந்தேன்.

4.

கணவன் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. கடிதத்தில் அவன் ஒரே வரியில்தான் வருகிறான். நான் வில்லனாக்கிப் பார்த்தேன்.

“தெரியாத நம்பரை எடுக்காதன்னா கேக்கறியா? நம்பரையே மாத்திடு, நிம்மதி.”

“அவனுக்குத் தெரிஞ்சது இந்த நம்பர் ஒண்ணுதாங்க.”

“ஏழு வருஷமா கூப்பிடாதவன் இனிமேதான் கூப்பிடப் போறானா?”

நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவள் குளிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது. என்னைக் கேட்காமலே இந்த மனுஷன் ஓடிப்போய் எடுத்து, அந்த மௌனத்தில் மெதுவாக, “மச்சான்?” என்றான். அதோடு என் வில்லன் கெட்டான். அந்த இடத்தை அடிக்காமல் விட்டுவிட்டேன்.

5.

இனி அவள் செய்த தப்பு.

அன்று பதினைந்தாவது அழைப்பு. வாயில் குண்டூசிகள், கையில் பாதி பொருத்திய காலர். “ஹலோ” என்றாள். மௌனம். போதும்டா சாமி என்று, தேன் குரல் வருமுன் துண்டித்தாள். ஊசி நாலு தையல் ஓடியிருக்கும். அப்புறம்தான் உறைத்தது: அந்த மௌனம் இரண்டு நொடியைத் தாண்டியிருந்தது. உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள்.

திருப்பிக் கூப்பிட்டாள். எடுத்தவர் ஒரு கடைக்காரர். “யாரோ ஒருத்தர் அவசரம்னு கேட்டாரும்மா, போனைக் குடுத்தேன். பேசவே இல்ல. திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டாரு.”

சண்டையன்று அவள் தம்பியிடம் கடைசியாகச் சொன்னது, “இனிமே எங்கூடப் பேசாத.”

அவன் பேசவில்லை.

6.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அவள் வந்தாள். (வந்தாளா? வரவழைத்தேனா? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோப்பின் மேல் கண் செருகும் நேரம் அது. அவள் மடியிலிருந்த நீலத் துணி வழிந்து என் மேசை வரை வந்தது நினைவிருக்கிறது.)

“கால் வராம நிறுத்தணும்னு நான் கேக்கல சார். மெஷின்னா, எடுத்த உடனே நான் மெஷின்னு சொல்லிடணும். அவ்வளவுதான். அப்புறம் யாராவது பேசாம இருந்தா, அது மனுஷன்னு எனக்குத் தெரிஞ்சிடும்ல.”

இருபது வருடமாகச் சட்டம் எழுதுகிறேன். இவ்வளவு சுத்தமான உட்பிரிவை நான் எழுதியதில்லை. அன்றே சேர்த்தேன்: 9(2). தானியங்கி அழைப்பு ஒவ்வொன்றும், எடுக்கப்பட்ட கணமே, தான் ஓர் இயந்திரம் என்பதை அறிவித்தல் வேண்டும்.

அழைப்பு நிறுவனங்களின் வக்கீல்கள் குதித்தார்கள். செயலாளர் அம்மா என்னைக் கூப்பிட்டார். “ரெண்டு நொடியில யாருக்கு என்னய்யா கெட்டுப்போச்சு?”

பையிலிருந்த நகலை நீட்டினேன். அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “இருக்கட்டும்” என்றார்.

7.

சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. இப்போது அவளுக்கு ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோதான். எல்லாம் எடுத்தவுடன், ‘இது தானியங்கி அழைப்பு’ என்று அடக்கமாகச் சொல்லிவிடுகின்றன. அவள் வைத்துவிட்டுத் தைக்கிறாள்.

முடிவு அ: தம்பி கூப்பிடுகிறான், “அக்கா” என்கிறான். (எழுதி அழுதேன், பிறகு கிழித்தேன். எனக்கு அதற்கு உரிமை இல்லை.)

முடிவு ஆ: யாரும் கூப்பிடவே இல்லை. (இதைக் கணவன் ஒப்புக்கொள்ளவில்லை. முன்பு நம்பரை மாற்றச் சொன்ன அதே போனை இப்போது அவன்தான் காலையில் சார்ஜில் போடுகிறான்.)

ஆக, முடிவு என்னிடம் இல்லை. இருப்பது இவ்வளவுதான்: மதியம், நீலத் துணி, போன் அடிக்கிறது. அவள் மெஷினை நிறுத்துகிறாள்.

“ஹலோ.”

ஒரு நொடி. இரண்டு. மூன்று.

எதுவும் அறிவிக்கவில்லை. 9(2)-இன்படி இது இயந்திரம் இல்லை. நானும் இல்லை, நான் முதல் வரியிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். இத்தனை நேரமும் இங்கே இருந்துகொண்டு வாயே திறக்காதவர் நீங்கள் ஒருவர்தான்.

அவளுக்கு உங்கள் மூச்சு கேட்கிறது. இந்த முறை அவள் துண்டிக்கப் போவதில்லை.

“பேசலன்னாலும் பரவால்லப்பா” என்கிறாள். “வச்சிடாத.”