நலமும் ஆயுளும்

கொண்டாப்பூரில், மின்சாரக் கார் செய்யும் ஒரு கம்பெனியின் மென்பொருள் அலுவலகத்தில் ஆக்னஸுக்கு எழுதுகிற வேலை. கைபேசிக்கு அப்டேட் வருவது போலவே அந்தக் கார்களுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். வண்டி பாட்டுக்கு வாசலில் நின்றுகொண்டிருக்கும், உள்ளே ஏதோ மாறிவிடும். என்ன மாறியது என்று திரையில் நாலு வரி ஓடும். அந்த நாலு வரியை எழுதுகிறவள் ஆக்னஸ். பாளையங்கோட்டைக்காரி. கணவன் ஃபெலிக்ஸுக்கு இந்தத் தெலுங்கு நகரத்தில் உப்பல் பக்கம் வேலை என்பதால் தார்நாகாவில் வீடு பிடித்து ஆறு வருடமாகிறது.

ஏப்ரல் அப்டேட்டுக்கு இன்ஜினியர்கள் அனுப்பிய குறிப்பில் இப்படி இருந்தது: முதல் வருடம் விற்ற வண்டிகள் சிலவற்றில் பேட்டரி முழுக்க நிறையும்போது அளவுக்கு மேல் சூடாகிறது. ஆபத்து வரக்கூடாது என்பதால் அந்த வண்டிகளில் மட்டும் இனி நூற்றுக்கு எண்பத்தெட்டோடு சார்ஜ் நின்றுவிடும். திரை அதையே நூறு என்று காட்டும்.

ஆக்னஸ் முதலில் இதை உள்ளபடியே எழுதினாள். மேலாளர் நந்தகுமார் படித்துப் பார்த்துவிட்டு, இது இப்படியே போனால் நாளைக்குக் காலையில் அத்தனை பேரும் ஷோரூம் வாசலில் நிற்பார்கள் என்றார். பொய் சொல்லச் சொல்லவில்லை, கொஞ்சம் மென்மையாக இருக்கட்டும், அவ்வளவுதான் என்றார். அவள் ஒரு டீயை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் யோசித்தாள். பிறகு எழுதினாள்: 'பேட்டரியின் நலமும் ஆயுளும் மேம்படுத்தப்பட்டுள்ளன.' நந்தகுமார் அதைக் கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, இதில் ஒரு வார்த்தை பொய்யிருக்கிறதா சொல்லுங்கள் என்று கேட்டார். யாராலும் சொல்ல முடியவில்லை. ஆக்னஸுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பின்னால் நடந்ததையெல்லாம் நினைக்கும்போது, அன்றைக்குக் கிடைத்த அந்தச் சந்தோஷம்தான் அவளை அதிகமாகச் சுட்டது.

தினமும் காலையில் அவளை அலுவலகத்தில் கொண்டுவிடுகிறவர் குமரவேல். மெட்டுகுடாவில் வீடு. தாத்தா காலத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிப்போன தமிழ்க் குடும்பம். ஆக்னஸை இறக்கிவிட்டபின் நாள் முழுக்க வாடகைக்கு ஓட்டுவார். பழைய டீசல் வண்டியை விற்கப்போன சமயத்தில், உங்கள் கம்பெனி வண்டியை நம்பி எடுக்கலாமா என்று அவளிடம்தான் கேட்டார். தாராளமாக எடுங்கள் என்று அவளும் சொன்னாள். முதல் வருட வண்டி அது.

அப்டேட் வந்து பத்து நாள் இருக்கும். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டு குமரவேல் பேச்சை எடுத்தார்.

"மேடம், வண்டி முன்ன மாதிரி ஓடல. ஃபுல்லா போட்டா இருநூத்தி அறுபது ஓடும். இப்போ இருநூத்தி முப்பது தாண்டறதில்ல. அந்த அப்டேட் வந்ததுலேர்ந்துதான்னு தோணுது."

கைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்த ஆக்னஸ் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தியிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

"வெயில் காலம்லாண்ணே. ஏசி ரொம்பப் போடுதீங்களோ?"

"ஹவ்," என்று ஊர்ப் பழக்கத்தில் ஆமாம் போட்டார் குமரவேல், ஒரு நிமிடம் யோசித்து. "அதான் இருக்கும்."

மறுநாளிலிருந்து, அவள் ஏறியபிறகுதான் வண்டியில் ஏசி ஓடியது. அதுவரை ஜன்னலைத் திறந்துவிட்டுக்கொண்டு, கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு வருவார். முதுகில் சட்டை ஒட்டியிருக்கும். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மே மாதம் இரண்டு நாள் அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று மட்டும் செய்தி அனுப்பியிருந்தார். மூன்றாம் நாள் வந்தார். சட்டையில் மேல் பொத்தான் இல்லை. அந்த இடத்தில் ஒரு சேஃப்டி பின் குத்தியிருந்தது. மெட்டுகுடா தாண்டியதும் தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

உப்பலில் ஸ்ரவந்தி என்று ஒரு பெண். பன்னிரண்டாவது முடித்துவிட்டு நுழைவுத் தேர்வு எழுதப் போனவள். தேர்வு மையம் ஊருக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் கல்லூரி. காலையில் விமான நிலையச் சவாரியை முடித்துவிட்டு அவளை ஏற்றியிருக்கிறார். போக வேண்டியது இருபத்தைந்து கிலோமீட்டர், திரையில் நாற்பது என்று காட்டியது. பரீட்சைக்குப் போகிற பிள்ளை வேர்த்துக்கொண்டு போக வேண்டாமே என்று ஏசியைப் போட்டார். இருபதாவது கிலோமீட்டரில் வண்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. மாட்டுவண்டி மாதிரி நகர்ந்து, கடைசியில் நின்றேவிட்டது. அந்தச் சாலையில் ஆட்டோ இல்லை. குமரவேல் பைக்கில் வந்த ஒருவரைக் கையைக் காட்டி நிறுத்தி, கெஞ்சிக் கேட்டு, பெண்ணை ஏற்றிவிட்டார். அவள் போய்ச் சேர்ந்தபோது கேட்டை மூடி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. ஒரு நிமிடம் தாண்டினாலே உள்ளே விடமாட்டார்கள். மறுநாள் மன்னிப்புக் கேட்க வீட்டுக்குப் போனவரைப் பெண்ணின் அப்பா தெருவில் வைத்துச் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"அவர் மேல தப்பில்ல மேடம். ஒரு வருஷப் படிப்பு. நான்தான் பேட்டரியப் பாத்து ஓட்டியிருக்கணும். நீங்க அப்பவே சொன்னீங்க, ஏசி போடாதீங்கன்னு."

திரையில் வந்த அந்த நாற்பது எப்படி வந்தது என்று ஆக்னஸுக்குத் தெரியும். இன்னும் எத்தனை தூரம் ஓடும் என்கிற கணக்கு, பேட்டரி முழுக்க நிறைந்த பழைய அளவை வைத்துப் போட்டது. அதை அடுத்த அப்டேட்டில் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

அலுவலக வாசலில் வண்டியை நிறுத்திய குமரவேல், ஒரு உதவி வேண்டும் என்றார். பெண்ணின் அப்பா டாக்ஸி ஆப்பில் புகார் கொடுக்கப் போவதாகச் சொல்கிறார். அதற்கு முன்னால் நல்ல இங்கிலீஷில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் தேவலை. எழுதுகிறதுதானே மேடத்தின் வேலை. அவள் சரி என்று தலையாட்டி கைபேசியை எடுத்தாள். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் இங்கிலீஷில் தட்டிக்கொண்டே வந்தாள். நடந்ததற்கு வருந்துகிறேன் என்பதுவரை விரல் ஓடியது.

"வண்டியில ஒரு குறையும் இல்லன்னு போடுங்க. ஓட்டின நான்தான் கவனமில்லாம இருந்துட்டேன்னு போடுங்க. நீங்க சொல்லித்தானே இந்த வண்டி எடுத்தேன். உங்க கம்பெனி பேரு கெட நக்கோ, கெடவே வேண்டாம்."

விரல் நின்றது. கைபேசியை மடியில் வைத்தாள்.

"அப்படி எழுத வேண்டாம்ணே. தப்பு உங்க மேல இல்ல."

குமரவேல் திரும்பிப் பார்த்தார். அவள் சொன்னாள். பேட்டரி சூடானதை, எண்பத்தெட்டை, நூறு என்று காட்டும் திரையை, அந்த நாற்பதை, தான் எழுதிய வரியை. சொல்லச் சொல்லத் தன் குரல் கூட்டத்தில் பேசுகிற குரலைப் போல இருப்பது அவளுக்கே கேட்டது. அதை மாற்றிக்கொள்ளவும் தெரியவில்லை.

பின்னாலிருந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"ஏசி ரொம்பப் போடறீங்களான்னு கேட்டீங்களே. அன்னைக்கே தெரியுமா மேடம்?"

"தெரியும்ணே."

அவர் திரும்பி நேராக உட்கார்ந்துகொண்டார். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இறங்குங்க மேடம். உங்களுக்கு லேட் ஆயிடும்."

ஒரு திட்டுத் திட்டியிருக்கலாம். தினமும் சொல்வதைப் போலவே அதையும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆக்னஸ் லிஃப்டில் ஏறாமல் ஆறு மாடியும் படியேறிப் போனாள். யார் முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தெம்பு இல்லை.

நந்தகுமாரிடம் போய் அந்தக் குறிப்பைத் திருத்தி அனுப்ப வேண்டும் என்றாள். அவர் கெட்ட மனிதரில்லை. பொறுமையாகக் கேட்டார், அந்தப் பெண்ணுக்காக வருத்தப்பட்டார். வக்கீல்களைக் கேட்காமல் எதுவும் செய்ய முடியாது என்றார். கடைசியில், அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார்: "அதுல உங்க பேர் எங்கேயும் இல்லையே ஆக்னஸ். நீங்க ஏன் இவ்வளவு கஷ்டப்படறீங்க?"

உண்மைதான், எங்கேயும் இல்லை. சனிக்கிழமை அவள் ஒரு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினாள். ஏப்ரல் அப்டேட் என்ன செய்தது, கம்பெனி எதைச் சொல்லவில்லை, ஓட்டுநர் மேல் ஏன் தப்பில்லை என்று நேராக எழுதி, கீழே முழுப்பெயரும் செய்கிற வேலையும் போட்டுக் கையெழுத்திட்டாள். ஃபெலிக்ஸ் படித்துவிட்டு, வேலை போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னான். சொல்லிவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

மெட்டுகுடாவில் குமரவேலின் வீட்டைத் தேடிப் போனபோது அவர் மனைவி சுமலதாதான் இருந்தாள். கடிதத்தை வாங்கி, நின்றபடியே எழுத்துக் கூட்டிப் படித்தாள். கணவர் சொல்லியிருந்தார் போலும், ஆச்சரியப்படவில்லை.

"ஒரு மாசமா நான் அவரத் திட்டிட்டே இருந்தேன்," என்றாள். "வண்டி ஓட்டத் தெரியல, வயசாயிடுச்சுன்னெல்லாம் சொன்னேன். அவரும் ஆமான்னே நினைச்சுட்டாரு."

குமரவேல் வந்தார். கடிதத்தைப் பார்த்தார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, போகலாம் என்றார். உப்பலுக்குக் கிளம்பினார்கள். ஆக்னஸ் வழக்கம்போலப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முன்னால் உட்காரத் தனக்கு எந்த நியாயமும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

ஸ்ரவந்தியின் வீடு ஒரே அறை. அப்பா பக்கத்துத் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர். ஆக்னஸ் தனக்குத் தெரிந்த தெலுங்கில் விஷயத்தைச் சொல்லிக் கடிதத்தை நீட்டினாள். அவர் அதை மகளிடம் கொடுத்தார். மகள் வாசித்து, வரிவரியாகத் தெலுங்கில் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் எழுந்து, வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை இழுத்து, குமரவேலை உட்காரச் சொன்னார். சட்டையைப் பிடித்ததற்குக் கைகூப்பினார். ஆக்னஸ் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அது சரிதான் என்று அவளுக்கும் பட்டது.

பெண் அழவில்லை. திரையில் அப்போது என்ன எழுதியிருந்தீர்கள் என்று கேட்டாள். ஆக்னஸ் அந்த வரியைச் சொன்னாள். நந்தகுமார் வாசித்தபோது இனித்த வரி, அந்த அறையில் வாயைவிட்டு வெளியே வரவே கூசியது. ஸ்ரவந்தி அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு, பாடத்தில் சந்தேகம் கேட்பதைப் போலக் கேட்டாள்: இதில் சார்ஜைக் குறைத்துவிட்டோம் என்பது எந்த இடத்தில் வருகிறது?

எந்த இடத்திலும் வரவில்லை என்று ஆக்னஸ் சொன்னாள்.

வெளியே வந்ததும் குமரவேல், இந்தக் கடிதத்தை டிரைவர்கள் குரூப்பில் போடலாமா என்று கேட்டார். இருநூறு பேர் இருக்கிறார்கள், பாதிப் பேரிடம் இதே வண்டி. ஆக்னஸின் மனம் முதலில் ஓடியது கடிதத்தின் அடியிலிருந்த தன் பெயரை நோக்கித்தான். அதை மறைத்துவிட்டுப் போடச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அவர் காத்துக்கொண்டு நின்றார். அந்தக் கணத்தை அவர் கவனித்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"அப்படியே போடுங்கண்ணே," என்றாள்.

அடுத்த இரண்டு வாரம் அலுவலகம் அல்லோலகல்லோலப்பட்டது. ஒவ்வொரு டிரைவராகத் தன் வண்டி ஓடும் தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துப் படத்தோடு வெளியிட்டார்கள். செய்திச் சேனல் ஒன்று வந்து கேட்டது. கம்பெனி கடைசியில் உள்ளதைச் சொல்லி அறிவிப்பு வெளியிட்டு, அந்த வருட வண்டிகளுக்கெல்லாம் பேட்டரி மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டது. அந்த அறிவிப்பை எழுதியவர் வேறு ஒருவர். ஆக்னஸுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை. ஊழியர்களுக்கான பயிற்சிக் குறிப்புகள் எழுதும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். தைரியசாலி என்று ஒன்றிரண்டு பேர் கைகொடுத்தார்கள். கொடுத்த கையை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

குமரவேல் அதன்பிறகு அவளை ஏற்ற வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. மெட்ரோவில் போய்வந்தாள்.

நவம்பரில் ஒரு மாலை, மெட்டுகுடா ஸ்டேஷனுக்குக் கீழே கோங்குராக் கீரை வாங்கிக்கொண்டிருந்த சுமலதாவைப் பார்த்தாள். சுமலதா முகம் சுளிக்காமல் பேசினாள். புது பேட்டரி போட்டாயிற்றாம். ஸ்ரவந்தி மறுபடியும் கோச்சிங் சேர்ந்திருக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வுகளுக்கு இவர்தான் கொண்டுபோய் விட்டுவருகிறாராம்.

"அண்ணனைக் கேட்டேன்னு சொல்லுங்க," என்றாள் ஆக்னஸ்.

சுமலதா கீரைக்கட்டைப் பையில் வைத்தாள்.

"சொல்றேன் மேடம். ஆனா பதில் ஒண்ணும் வராது. கோபமெல்லாம் இல்ல. உங்க பேச்சு வந்தாலே அவருக்குக் கூச்சமாயிடுது, தான்தான் ஏதோ பண்ணிட்ட மாதிரி. எழுந்து வெளிய போயிடறாரு."

ஆக்னஸ் தலையாட்டினாள். மேலே ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் ஏறிப் போகவில்லை. சுமலதா சாலையைக் கடந்து சந்துக்குள் போய் மறையும்வரை அங்கேயே நின்றாள்.