ஒரே சாவியில் கிளம்பும் வண்டி

"இந்த வண்டி இன்னும் எத்தனை வருஷம் ஓடும், அபூ நாயிஃப்?" என்று முத்லக்கிடம் யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. அன்றைக்குக் கேட்டவனும் சாப்பிட முடியாது, அவரும் சாப்பிட மாட்டார். மூத்த மகன் நாயிஃப் என்பதால் ஊருக்கே அவர் அபூ நாயிஃப். ராணுவத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் வாங்கிய லேண்ட் குரூசர் அது. அப்போது தவழ்ந்துகொண்டிருந்த நாயிஃபுக்கு இப்போது தாடியில் நரை விழுந்துவிட்டது. வண்டிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"வண்டி தானா சாகுறதில்லப்பா, வெச்சிருக்கிறவன்தான் கொல்றான்" என்று ஆரம்பிப்பார். ஆயிலை எப்போது மாற்ற வேண்டும், காற்று வடிகட்டியில் மணல் சேர்ந்தால் இன்ஜின் எப்படி மூச்சுத் திணறும், வாரத்தில் இரண்டு தடவையாவது கிளப்பி ஓடவிடாத வண்டி நின்ற இடத்திலேயே எப்படிக் கெட்டுப்போகும் என்று வரிசையாக வரும். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு உப்புச் சேற்றுக்கு வருவார். இன்ஜினை யாரும் சாகடிக்க முடியாது, களரில் இருக்கிற உப்புச் சேறு அடியில் ஒட்டினால்தான் ஆபத்து, சேசிஸை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும் என்பார். தன் வண்டியின் அடியில் அந்தச் சேறு ஒரு பொட்டுகூடப் பட்டதில்லை என்று சொல்லும்போது மனுஷனுக்கு மார்பு விரியும்.

சும்மா சொல்லக் கூடாது, வண்டியை அவர் அப்படித்தான் வைத்திருந்தார். மனைவி நவ்ஃபாவுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கச் சாயங்காலம்தான் கிளம்புவார். வண்டியில் கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்டால் அந்த நிமிஷமே கையை மடித்துக்கொண்டு கீழே படுத்துவிடுவார். காலையில் ஒரே சாவியில் அது கிளம்புகிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அபூ நாயிஃப் எழுந்துவிட்டார் என்று பெண்கள் ரொட்டிக்கு மாவு பிசைய உட்காருவார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஜஃப்ர் பாலைவனத்தில் விடாமல் மழை அடித்தது. ஊருக்குக் கிழக்கே இருக்கிற களர் முழுக்கத் தண்ணீர் கட்டி, பார்த்தால் கடல் மாதிரி கிடந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வைத்திருந்தவர்கள் மழைக்கு முன்பே ஆட்டு மந்தையோடு மேட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்ததெல்லாம் சின்ன பிக்கப்புகள், களரில் இறங்கினால் கதவு வரைக்கும் புதைந்துவிடும்.

மதியத் தொழுகை முடிந்து முத்லக் தன் வீட்டுக் கூடத்தில் கணப்புப் பக்கம் உட்கார்ந்து, சித்தப்பா மகன்கள் இரண்டு பேரிடம் வண்டிப் பெருமையை அளந்துகொண்டிருந்தார். பேரனுடைய கல்யாண ஊர்வலத்துக்கும் இதே வண்டிதான் முன்னால் போகும் என்று அவர் சொல்லி வாயை மூடவில்லை, அடுத்த தெரு ஹாயில் நனைந்தபடி உள்ளே வந்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்துக் காவல்காரன். வாய் ஓயாமல் பேசுகிற ஆள் அன்றைக்கு ஸலாம் சொன்னதோடு சரி. முத்லக் காபியை ஊற்றிக் கொடுத்தார். அவன் கிண்ணத்தை வாங்கினான், குடிக்கவில்லை. தன் முன்னால் தரையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

கிண்ணத்தைக் கீழே வைத்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். வந்தவனுக்கு ஒரு காரியம் ஆக வேண்டும், ஆகும் என்று வீட்டுக்காரன் வாக்குக் கொடுக்கிற வரைக்கும் அவன் குடிக்க மாட்டான். என்ன காரியம் என்று கேட்டுவிட்டு வாக்குக் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் கேட்காமலே கொடுப்பதில் ஒரு கெத்து இருக்கிறதே! அதுவும் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

"குடி ஹாயில். நீ எதுக்கு வந்தியோ அது முடிஞ்சதுன்னு வெச்சுக்கோ" என்றார் முத்லக்.

ஹாயில் ஒரே மடக்கில் குடித்தான். பிறகுதான் சொன்னான். அவனுடைய அம்மா களருக்கு அந்தப் பக்கம் தம்பியின் கூடாரத்தில் இருந்தாள். மேய்ப்பன் ஒருவன் தண்ணீரைச் சுற்றி நடந்து வந்து தகவல் சொல்லியிருக்கிறான். கிழவி எதையும் வாயில் வைப்பதில்லை, ஹாயில் பேரையே சொல்லிக் கூப்பிடுகிறாள், தாங்காது.

"உங்க வண்டி ஒண்ணுதான்ணே தாண்டும். நீங்களே ஓட்டுங்க, நான் ஸ்டியரிங்கைத் தொடக்கூட மாட்டேன். முகத்தைப் பாத்துட்டா போதும் எனக்கு."

முத்லக்கின் கண்ணில் கிழவி வரவில்லை. நல்லவராக இருந்தால் வந்திருப்பாள். அவர் கண்ணில் வந்தது சேறு. சக்கரத்துக்குள்ளும், சேசிஸ் சந்துக்குள்ளும், எந்தத் தண்ணீர் பீய்ச்சினாலும் போகாத இடுக்குகளுக்குள்ளும் ஏறி உட்காருகிற சாம்பல் நிற உப்புச் சேறு. இத்தனை வருஷம் காத்தது ஒரே நாளில் போய்விடும். "நீங்க உக்காருங்க, நான் போய் வண்டியை எடுக்கறேன்" என்று எழுந்தார்.

வண்டி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்றது. பானெட்டைச் சத்தமில்லாமல் தூக்கினார். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, பெட்ரோல் பம்புக்குப் போகிற நீல நிற ஃபியூஸைப் பிடுங்கி அங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கை தானாகப் போய்விட்டது என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டதுண்டு. பொய். கையெல்லாம் தானாக எங்கேயும் போகாது.

எல்லாரும் கொட்டகைக்கு வந்த பிறகு சாவியைத் திருப்பினார். செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை. சித்தப்பா மகன்கள் நம்ப முடியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணேறுதான், அத்தனை பெருமை பேசியிருக்கக் கூடாது என்று ஒருவர் முணுமுணுத்தார். முத்லக்கும் தலையை ஆட்டினார்.

இத்தோடு முடிந்தது, அவன் கிளம்பிவிடுவான் என்றுதான் அவர் கணக்குப் போட்டிருந்தார். ஹாயில் கிளம்பவில்லை. அங்கியை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். வேலை அவனுக்கு அரைகுறையாகத்தான் தெரியும், ஆனால் விடுகிற மாதிரி இல்லை. ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தான். ஃபியூஸ் பெட்டியையும் திறந்து பார்த்தான். அதில் ஆரம்பத்திலிருந்தே காலியாக இருக்கிற ஓட்டைகள் சில உண்டு. இதுவும் அதில் ஒன்று என்று நினைத்தானோ என்னவோ, எரிந்துபோனது ஏதாவது உண்டா என்று மட்டும் முத்லக்கிடம் கேட்டான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் முத்லக்.

கொட்டகைத் தகரம் ஒழுகியது. படுத்திருப்பவன் நனையாமல் இருக்க முத்லக் ஒரு பிளாஸ்டிக் தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். குனியும்போதெல்லாம் பையிலிருந்த அந்தத் துண்டு தொடையில் இடித்தது. உள்ளே போய்விட்டு வந்து ஃபியூஸ் கிடைத்துவிட்டது என்று சொல்ல எத்தனையோ வழி இருந்தது. அவமானம்கூடப் பட்டிருக்க வேண்டாம். முதலில் சேற்றுக்குப் பயந்து நின்றார். அப்புறம் இவ்வளவு நேரம் சும்மா இருந்துவிட்டு இப்போது எப்படிச் சொல்வது என்று நின்றார்.

மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஹாயில் வெளியே வந்தான். முதுகெல்லாம் சேறு. பெட்ரோல் ஏறவில்லை, பம்புதான் போயிருக்க வேண்டும் என்றான். பிறகு முத்லக்கின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். ஆமாம், அவன்தான் கேட்டான்.

"மன்னிச்சுருங்கண்ணே. சரிபண்ணத் தெரியல எனக்கு. பாவம், உங்களையும் மழையில நிக்க வெச்சுட்டேன்."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கிழக்கே நடக்க ஆரம்பித்தான். தண்ணீரைச் சுற்றிக்கொண்டு அவன் போய்ச் சேர்ந்தது மறுநாள். அதற்குள் கிழவி இறந்துபோய், உடலை அடக்கி, கபர் மேல் கல்லும் வைத்து முடித்திருந்தார்கள். மறுபடி மழை வருகிற மாதிரி இருந்ததால் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

ஹாயில் ஊர் திரும்பி வாசலில் துக்கக் கூடாரம் போட்டான். முத்லக் போகாமல் இருக்க முடியுமா? போய் ஒரு மூலையில் உட்கார்ந்தார். ஹாயில் விட்டால்தானே! எழுப்பிக் கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்தான். வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான்: அபூ நாயிஃப் என்ன ஏது என்று கேட்காமலே வாக்குக் கொடுத்தார், வண்டி சதி செய்துவிட்டது, எனக்காக மழையில் குடை பிடித்து நின்ற மனுஷன். வந்தவர்கள் அல்லாஹ் உங்களுக்கு நல்ல கூலி கொடுக்கட்டும் என்று முத்லக்கின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு கை பட்டபோதும் அவருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அதற்கப்புறம் அந்த வண்டியை அவரால் கிளப்ப முடியவில்லை. சத்தம்தான் ஊருக்கே தெரியுமே! ஃபியூஸைப் போட்டு ஒரு தடவை சாவியைத் திருப்பினால் அடுத்த தெருவில் ஹாயில் காதை நிமிர்த்திக் கேட்பான். மெக்கானிக்கை வரவழைத்துச் சரிசெய்ததாக நாடகம் ஆடலாம்தான். அந்த அளவுக்கு இன்னும் கெட்டுப்போகவில்லை, அல்லது அதற்கும் துணிச்சல் இல்லை. வண்டி கொட்டகையில் நின்றது. பேட்டரி இறங்கியது, டயரில் காற்று குறைந்தது. வண்டி இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று யாரும் கேட்பதில்லை. இரக்கப்பட்டு விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் நவ்ஃபா தேநீர்த் தட்டில் சர்க்கரைக்குப் பக்கத்தில் அந்த நீல ஃபியூஸை வைத்துக் கொண்டுவந்தாள்.

"அங்கியைத் துவைக்கறப்ப கெடச்சது. கூடாரத்துல உங்களை அவ்வளவு புகழ்ந்தாங்களே, அதனால கேக்கறேன். இது என்னது?"

அவர் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அவள் திரும்பக் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்த்து அவள் பேசுவது குறைந்துபோனது.

களர் காய்ந்து வெடிப்பு விட்ட பிறகு ஹாயில் வந்தான். ஸர்காவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தானாம். அங்கே பழைய வண்டி உடைக்கிற இடங்களில் ஒன்று விடாமல் ஏறி இறங்கி, இதே மாதிரி வண்டியிலிருந்து கழற்றிய பெட்ரோல் பம்பு ஒன்றைத் தேடிப் பிடித்துத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். அம்மாவுக்காகப் பழுதான வண்டி, அது ஓடுகிற சத்தம் கேட்காமல் காலையே விடிகிற மாதிரி இல்லை, நாளைக்கே மாட்டிவிடலாம் என்றான். முத்லக் பம்பைக் கையில் வாங்கிக்கொண்டார். அவன் போன பிறகும் வெகுநேரம் அதைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் ஹாயில் வீட்டுக்குப் போனார். ஹாயில் ஓடிவந்து கட்டிக்கொண்டு உள்ளே உட்காரவைத்துக் காபி ஊற்றிக் கொடுத்தான். முத்லக் கிண்ணத்தைக் குடிக்காமல் தரையில் வைத்தார்.

ஹாயில் சிரித்துவிட்டான். "என்கிட்ட கேக்கறதுக்கு உங்களுக்கு என்ன இருக்குண்ணே? குடிங்க. நீங்க வந்த காரியம் முடிஞ்சது."

முத்லக் குடிக்கவில்லை. பையிலிருந்து ஃபியூஸை எடுத்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பம்பையும் வைத்தார்.

"வண்டி கெட்டுப்போகல ஹாயில். அன்னைக்கு இதை நான்தான் பிடுங்கினேன். சேத்துல எறக்க மனசு வரல. என்னை மன்னிக்கணும்னு கேக்கத்தான் வந்தேன்."

ஹாயில் ஃபியூஸை எடுத்துப் பார்த்தான். விரல் நுனி அளவுகூட இல்லை. அவன் முகத்தில் கோபம் வரும் என்று முத்லக் காத்திருந்தார், வந்தால் தேவலை என்றிருந்தது. வரவில்லை.

"நான் அடியில படுத்திருந்தப்ப இது எங்க இருந்துச்சு?"

"என் பையில."

ஹாயில் ஃபியூஸைக் கீழே வைத்தான். பிறகு கிண்ணத்தை எடுத்து முத்லக்கின் கையில் கொடுத்தான்.

"குடிங்க. கேக்காமலே வாக்குக் குடுத்துட்டேன். குடுத்தா குடுத்ததுதான்."

முத்லக் குடித்தார். தன் வீட்டில் தான் இவனுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. எழுந்தபோது ஹாயில் அந்த ஃபியூஸை அவர் உள்ளங்கையில் வைத்து மூடினான். கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

"மாட்டிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க. நான் இங்கேர்ந்து கேக்கணும்."

முத்லக் வீட்டுக்கு வந்து மகனின் பிக்கப்பைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து அதன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தார். ஃபியூஸை அதன் இடத்தில் அழுத்தினார். சீட்டில் ஏறி, சாவியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்த வண்டிக்கு எதிராக வேண்டிக்கொண்டார். யா அல்லாஹ், பிடிக்கக் கூடாது. ஒயரை எலி கடித்திருக்கட்டும், பெட்ரோல் கெட்டிருக்கட்டும், நிஜமாகவே ஏதாவது ஒன்று போயிருக்கட்டும்.

ஒரே சாவி. பிடித்துக்கொண்டது.

சீராக, ஒரு இருமல்கூட இல்லாமல் ஓடியது. தெருவில் கதவுகள் திறந்தன. அபூ நாயிஃப் வண்டி சரியாகிவிட்டது என்று யாரோ சந்தோஷமாகச் சொன்னது காதில் விழுந்தது. கொட்டகையிலிருந்து பார்த்தால் ஹாயில் வீட்டு வாசல் தெரியும். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முத்லக்குக்கு இன்ஜினை அணைக்கத் தைரியம் வரவில்லை. கேட்டு முடித்தபின் ஹாயில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.