ஒழுங்கையின் கடைசி வாசல்

இலண்டன் மாநகரம் தன் நெரிசலையும் ஆரவாரத்தையும் தென்திசையில் சிறிது சிறிதாக உதறிக்கொண்டே வந்து, சுண்ணக்கல் குன்றுகளின் அடியில் ஒருவாறு ஓய்ந்து, இனி நகரம் என்று சொல்லிக்கொள்ளத் தனக்கே கூச்சமுற்றதுபோல் வயல்வெளிக்கு வழிவிட்டு ஒதுங்கும் எல்லையில், நம்மவர் ஒழுங்கை என்னும் ஒடுங்கிய சிறுவழி ஒன்று உண்டு. இளவேனில் தொடங்கிய ஒரு சனிக்கிழமை. பொழுது புலர்ந்து, புற்றரை மேல் கிடந்த வெண்பனி கலைந்து, வேலியோரத்து முட்செடிகள் வெள்ளைப் பூச்சுமந்து நிற்க, மேய்ச்சல் நிலத்தில் போர்வை போர்த்திய குதிரைகள் இரண்டு தலை தாழ்த்திப் புல் கடிக்க, தொலைவில் வானூர்தி ஒன்று ஓசையின்றி இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வொழுங்கை மேட்டிலுள்ள பெருவீதியிற் பிரிந்து, எட்டு வீடுகளின் வாசல்களைத் தொட்டுச் சரிவில் இறங்கி, மறுபுறத்து நெடுஞ்சாலையிற் போய்ச் சேரும். சேரும் என்று நான் சொல்கிறேனே தவிர, மழையும் உறைபனியும் பல்லாண்டு தின்று தீர்த்த அவ்வழியே ஊர்தி செலுத்திச் சேர்ந்தவர் சிலரே. அச்சு முறிந்து திரும்பியவர் பலர்.

உலகாண்ட பேரரசின் தலைநகரில், வரி வாங்குவதற்கு மாநகராட்சி இருக்க, ஒரு வழியைச் செப்பனிட ஆளில்லையா என்று கற்றறிந்த வாசகர் வியக்கலாம். இல்லைதான். முன்னாளில் இந்நாட்டு ஊரவர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் சில நாள் கூடையும் மண்வெட்டியுமாய்ப் பெருவழியில் நின்று கூலியின்றி உழைத்தே தீரவேண்டும் என்று அரசாணை இருந்து, பின்பு அது வழக்கொழிந்தது. ஆயினும், மாநகராட்சி தன்னுடையதென்று ஏற்காத ஒழுங்கைகளை அவற்றை ஒட்டிக் குடியிருப்போரே பேணவேண்டும் என்னும் ஏற்பாடு இன்னும் உயிரோடிருக்கிறது. அவரவர் வேலிக்கு முன்னுள்ள நிலம் அவரவர் பொறுப்பு. பேணாதவரை ஆணையிட்டுப் பேணவைக்க மாநகராட்சிக்கு உரிமையுண்டு. உரிமை உண்டே அன்றி, அதைக் கையிலெடுக்க அதற்கு மனம் வருவது அரிது. ஆகவே எட்டு வீட்டாரும் தமக்குள் ஒரு சங்கம் அமைத்து, மாதத்தில் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு ஒருவர் வேலைக்கு இறங்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டனர்.

சரிவின் கடைக்கோடியிலுள்ள எட்டாம் வீட்டிலிருந்து இறங்கியவள் பெர்னடெற். இலங்கையின் மன்னார்க் கரையில் பிறந்து, இம்மாநகரின் நோர்பரியில் ஒரு கடையின் மேல்மாடியிற் பல்லாண்டு வாழ்ந்து, கணவன் அருள்நேசனைப் பக்கவாதம் தாக்கிச் சக்கர நாற்காலியில் இருத்திய பின், அவன் பொருட்டுப் படியில்லாத வீடு தேடி இங்கு வந்தவள். தேடிக் கொடுத்தவன் அவளுடைய மூத்த உடன்பிறப்பு யேசுரட்ணம். ஏழாம் வீடு அவனுடையது. சங்கத்தின் தலைமையும் அவனுடையதே. வீடு நன்றாகத்தான் இருந்தது. வீட்டைவிட்டு வெளியேறத்தான் வழியில்லை. அருள்நேசனைக் கைகால் பயிற்சிக்கு ஏற்றிச்செல்லும் மருத்துவ ஊர்தி மேட்டிலேயே நின்றுவிடும். நாற்காலியோ முதற் பள்ளத்திலேயே கவிழப் பார்க்கும். பயிற்சி இப்படியே தவறுமாயின், உயிர் பெறத் தொடங்கியிருந்த வலக்கை மீண்டும் மரத்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஞாயிறுதோறும் திருப்பலியில் முன்வரிசையில் நின்று ஓங்கிப் பாடிய அம்மனிதன் குடிவந்த நாள்முதல் கோயில் வாசலைக் காணாமல், சன்னலோரத்தில் இருந்து குதிரைகளைக் கண்டுகொண்டிருந்தான்.

"அதுகளும் நானும் ஒரே சீவியம். அதுகளுக்கு எண்டாலும் புல்லு கிடக்கு" என்று குழறும் நாவாற் பகடி சொல்வான். அவள் சிரிப்பாள், சிரித்துவிட்டு அடுக்களைக்குட் சென்று சற்றுநேரம் நிற்பாள்.

சங்கத்தின் முதற்கூட்டம் வேலை தொடங்குமுன் யேசுரட்ணத்தின் வீட்டுக் கூடத்தில் நிகழ்ந்தது. முதல் வீட்டில் தனித்து வாழும் ஆங்கில முதியவள் திருமதி ஹோலிஸ், நோயாளி இருக்கும் கீழ்க்கோடியிலிருந்தே வேலையைத் தொடங்குவோம் என்றாள். பெர்னடெற்றுக்குக் கண் பனித்தது. அவ்வேளையில் யேசுரட்ணம் அவள் பக்கம் சாய்ந்து, தமிழில் மெல்லச் சொன்னான்.

"தங்கச்சி, நாங்கள் வீட்டாக்கள். பிறத்தி ஆக்களின்ர வாசல் முதல் முடியட்டும். கலியாண வீட்டில நாங்கள் கடைசிப் பந்தியில தானே இருக்கிறனாங்கள்?"

"ஓம் அண்ணை" என்றாள் அவள். பிறரை முன்னிருத்தித் தான் பின்னிருந்து எஞ்சியதை உண்பது, எவரும் கற்பிக்காமலே அவளுக்கு வந்த பழக்கம். அப்பழக்கத்தின் வழியே, கையிற் கிடைத்த முதலிடத்தை மனமுவந்து விட்டுக்கொடுத்தாள். அதன்பின், தமையன் வீடாயிற்றே என்று அண்ணி பியற்றிசோடு தேநீர் ஊற்ற உள்ளே சென்றாள். அவள் உள்ளே கிண்ணங்களை அடுக்கிய பொழுதில், வெளியே யேசுரட்ணம் அயலாருக்கு ஆங்கிலத்தில் உரைத்தது அவள் செவிக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த இளவேனிலும் வேனிலும் அவள் உழைத்த உழைப்பை என்னென்பது! மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வாரமெல்லாம் நின்று கடுத்த கால்களோடு, சனிக்கிழமையன்று எவர்க்கும் முன்னே வந்து, பள்ளத்து நீரை இறைத்து, சேற்றை வெட்டி எறிந்து, உடைகல்லும் பழந்தார்த் துண்டும் தள்ளுவண்டியிற் கொணர்ந்து கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினாள். வரத் தவறிய வீட்டாரின் பங்கையும் தானே எடுத்துச் செய்தாள். யேசுரட்ணம் கைத்தடி போல் மட்டக்கோல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இங்கே மேடு அங்கே தாழ்வு என்று காட்டிக்கொண்டு திரிந்தான், தலைவர் அல்லவா! மாலையில் அவள் வீடு திரும்பி, எந்த வாசல்வரை வந்துவிட்டோம் என்று கணவனுக்குச் சொல்வாள். அவன் இடக்கையால் அவளுடைய கொப்புளம் கண்ட உள்ளங்கையைத் தடவிக்கொடுப்பான். கிறித்து பிறந்தநாளாகிய நத்தார்ப் பூசைக்குக் கோயிலில் இருப்போம் என்று இருவரும் தமக்குள் உறுதி செய்துகொண்டனர்.

இலையுதிர் காலத்தில் வேலை யேசுரட்ணத்தின் வாயிற்கதவை எட்டியது. அன்று மாலை அவன் முற்றத்தில் மேசை இட்டு, பியற்றிஸ் சுட்ட பணியாரமும் தேநீரும் பரிமாறி, ஒழுங்கை வேலை இனிது நிறைவெய்தியது என்று அறிவித்தான். அயலார் கைதட்டினர். தள்ளுவண்டியைக் கழுவிக்கொண்டிருந்த பெர்னடெற், பிழையாகக் கேட்டுவிட்டோமோ என்று ஐயுற்று, அருகில் நின்ற திருமதி ஹோலிசிடம், எங்கள் பக்கம் அடுத்த மாதந்தானே என்று வினவினாள். முதியவள் திகைத்தாள். கீழ்ப்பகுதி கரடாகவே கிடக்கட்டும், அதுவே எனக்கும் விருப்பம் என்று நீ உடன்பட்டாயே. முதற்கூட்டத்தன்றே உன் தமையனார் சொன்னாரே. ஊர்திகள் ஒழுங்கையைக் குறுக்குவழியாக்காமல் உங்கள் பள்ளங்கள் எல்லோரையும் காக்கின்றன என்று நாங்கள் உன்னை வாழ்த்தினோமே என்றாள். சொல்லச்சொல்ல அவளுடைய முகமும் வெளுத்தது.

பெர்னடெற் ஈரக்கையோடு தமையன் முன் சென்று நின்றாள்.

"அண்ணை, நான் எப்ப உடன்பட்டனான்?"

"கோவியாதை தங்கச்சி. கீழ்ப்பக்கமும் நல்லா வந்தா, அங்கால போற காரெல்லாம் இதால தான் ஓடும். இந்தச் சனம் அதுக்குத் தான் பயந்தது. நாங்கள் ரெண்டு தமிழ்க் குடும்பம், ஒத்துப்போக வேணுமெல்லே? மச்சானைக் கூட்டிக்கொண்டு போக நான் இருக்கிறன். ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

"எத்தினை ஞாயிறு சொன்னனான்? எத்தினை ஞாயிறு வந்தனீங்கள்?"

அவன் பணியாரத் தட்டை நோக்கினான்.

"சரி, கார் வரக்கூடாது எண்டா, என்ர வாசல் வரைக்கும் போட்டிட்டு அதுக்குக் கீழ விட்டிருக்கலாமே அண்ணை. அங்கால பள்ளமாக் கிடந்தா ஒரு காரும் ஏறாதே. அவரும் வெளியில வந்திருப்பாரே."

அவன் மறைப்பதற்கு ஒரு வஞ்சகமேனும் இருந்திருந்தால் அவளுக்கு ஓரளவு ஆறுதலாயிருந்திருக்கும். அவனோ அந்த எளிய வழியை எண்ணியே பார்க்கவில்லை; எண்ணவேண்டும் என்றும் அவனுக்குத் தோன்றவில்லை. வெள்ளையர் நடுவே விவேகி என்று பெயரெடுக்க ஒரு சொல் தேவைப்பட்டது, கைக்கு எட்டும் தொலைவில் தங்கையின் வாழ்வு கிடந்தது, எடுத்துக் கொடுத்துவிட்டான். பகைவனாவது நம்மைக் கெடுக்குமுன் நம்மைப் பற்றிச் சற்றே சிந்திக்கிறான்.

அன்று அவள் அழுதாள். கணவன் முன்னே, அடுக்களைக்குட் செல்லாமல், வாய்விட்டு அழுதாள். பிறத்தியார் வஞ்சித்திருந்தால் அவர்களை ஏசலாம். ஊராரிடம் சொல்லி ஆறலாம். உடன்பிறந்தவன் செய்ததை எவரிடம் சொல்வது? சொன்னால் தன் தாய்தந்தையரின் பெயரன்றோ கெடும் என்று அந்நிலையிலும் அவளுக்குத் தோன்றியது. அருள்நேசன் இடக்கையால் அவள் கண்ணைத் துடைத்தான். பின்பு, "மண்வெட்டியை அங்கையே விட்டிட்டு வந்திட்டியோ? போய் எடுத்துக்கொண்டு வா. அது எங்கட" என்றான்.

வாரம் பிறந்ததும் அவள் மாநகராட்சிக்குச் சென்று கேட்டாள். அவரவர் முகப்பு அவரவர் பொறுப்பு. உன் முகப்பை நீ செப்பனிட எவரும் தடைசொல்ல இயலாது. பேணாதவர் மேல் நீ முறையிடவும் கூடும் என்று அலுவலர் விளக்கினார். இதுகாறும் எட்டு வீட்டின் நன்மைக்கென உழைத்த பெர்னடெற், அதன்பின் தன் வேலியின் நீளத்தை மட்டும் வெட்டத் தொடங்கினாள். கார்த்திகை மாதத்து மழையில், இலைகள் அழுகிக் கிடந்த அச்சரிவில், தனியொருத்தியாய் அவள் குனிந்து நிமிர்வதை அயலார் திரைச்சீலை விலக்கிப் பார்த்தனர். திருமதி ஹோலிஸ் மட்டும் எஞ்சிய உடைகல்லை அனுப்பிவிட்டு, தானும் ஒரு வாரியோடு வந்து, கொட்டிய கல்லைப் பரப்பிவிட்டுப் போனாள். தன் வாயிற்கதவு வரை வந்ததும் பெர்னடெற் நிறுத்திவிட்டாள். அதற்குக் கீழே பள்ளங்கள் பள்ளங்களாகவே கிடந்தன. எந்த ஊர்தியும் அவ்வழியே மேலேறவில்லை.

ஒன்று மட்டும் எஞ்சியது. யேசுரட்ணத்தின் வாயிற்கதவுக்கும் தங்கையின் வேலி தொடங்கும் இடத்துக்கும் இடையே, அவனுடைய தோட்டத்து வேலியோரமாய் ஒரு பெரும் பள்ளம் நீர் நிறைந்து கிடந்தது. அரைநாள் வேலை. நாமே நிரப்பிவிடுவோம் என்றாள் முதியவள். பெர்னடெற் தலையசைத்து மறுத்துவிட்டு, தமையன் வீட்டு முன்கதவைத் தட்டினாள். அதற்குமுன் அவள் அக்கதவைத் தட்டியதேயில்லை. பின்புற அடுக்களை வழியே குரல்கொடுத்துக்கொண்டு நுழைவதே அவள் வழக்கம். கதவைத் திறந்த யேசுரட்ணத்தின் முகம் மலர்ந்தது.

"உள்ள வா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

"இல்லை, வேலை கிடக்கு. உங்கட வேலிக்கு முன்னால ஒரு பள்ளம் இருக்கு. அது உங்கட பொறுப்பு. சொல்லிட்டுப் போக வந்தனான்."

"நான் செய்யாட்டில்?"

"கவுன்சிலுக்கு எழுதுவன்."

"கூடப்பிறந்த அண்ணனுக்கு எதிராயோ எழுதுவாய்?"

"ஏழாம் நம்பர் வீட்டுக்கு எதிரா எழுதுவன்."

பின்னால் நின்ற பியற்றிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை, மட்டக்கோல் பிடித்த கைகளால் யேசுரட்ணம் மண்வெட்டி பிடித்தான். பெர்னடெற் உதவவும் இல்லை, நின்று பார்க்கவும் இல்லை.

நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்து ஞாயிறு ஒன்று வெயிலோடு விடிந்தது. மருத்துவ ஊர்தி அவ்வாரத்திலேயே எட்டாம் வீட்டு வாசல்வரை வந்து திரும்பியிருந்தது. பெர்னடெற் கணவனுக்குக் கழுத்துப்பட்டி கட்டி, மேலங்கி அணிவித்து, நாற்காலியை ஒழுங்கையில் இறக்கி மேட்டை நோக்கித் தள்ளினாள். பேருந்து நிற்கும் பெருவீதிவரை தன் கையாலேயே தள்ளிச்செல்வதென்று அவள் முடிவு செய்திருந்தாள். ஏழாம் வீட்டு வாசலில் யேசுரட்ணம் திறவுகோலைக் கையிற் பிடித்தவாறு காத்துநின்றான்.

"தங்கச்சி, கொஞ்சம் பொறு. கார் எடுக்கிறன். கோயில் வாசலில கொண்டுபோய் இறக்கிவிடுறன்" என்றான்.

அவள் நின்றாள். முகத்திற் சினமில்லை, வழிகேட்டவர் வழிசொன்ன அயலானை நோக்கும் இன்முகமே இருந்தது.

"வேண்டாம் ஐயா. நீங்கள் பள்ளத்தை நிரப்பித் தந்ததே பெரிய உதவி. மெத்த நன்றி" என்றாள்.

நம்மவருள் உடன்பிறந்தார் ஒருவருக்கொருவர் நன்றி கூறுவதில்லை. சோறிட்டாலும், கடல்கடந்து அழைப்பித்துக் காத்தாலும், அது உரிமையாகவே கருதப்படும். அச்சொல் பிறத்தியார்க்கே உரியது. யேசுரட்ணம் அதைக் கேட்டான். கேட்டுத் திறவுகோலை மெல்லச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டான். வேலிக்கு முன்னுள்ள வழியைச் செப்பனிடுக என்று குடியிருப்போரை ஏவ இந்நாட்டில் ஆணையுண்டு. ஒருத்தி தன் தமையன்பால் வைத்த நம்பிக்கை உடைந்தால், அதனைச் செப்பனிடுக என்று ஏவும் ஆணை எந்நாட்டிலும் இல்லை. அவ்வேலைக்கு ஏற்ற கருவியும் இல்லை. பெர்னடெற் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியின் சக்கரங்கள் எங்கும் இடறாமல் மேடேறிச் சென்றன.