ஸ்டெம் செல் நிபுணர் சாரங்கன்

வெள்ளவத்தை காலி வீதியில் அழகுசாதனக் கடை நடத்தும் சாரங்கனை, சொந்தக்காரர் யாரும் இதுவரை எதிலும் நிபுணன் என்று சொன்னதில்லை. அந்தக் குறை அவனுடைய அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தீர்ந்தது.

அத்தான் தயாபரன் கொச்சிக்கடையில் ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளர். அங்கே மெத்தைகள் தீப்பிடித்த அன்று எல்லோரும் வெளியே ஓடிவர, காவற்காரர் நாகமணியைக் காணவில்லை என்று இவர் மட்டும் உள்ளே போனார். போய் அவரை இழுத்துக்கொண்டும் வந்துவிட்டார். உடம்பில் ஒரு தீக்காயமும் இல்லை. ஆனால் குடித்த புகை இரண்டு நாளில் நுரையீரலை வீங்கவைத்து நீர் கோக்கச் செய்தது. இப்போது தொண்டையில் குழாய். மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது.

அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அத்தானின் மனைவி சாம்பவி அக்கா போனும் கையுமாக இருந்தாள்.

"தம்பி, ஸ்டெம் செல் ஏத்தினால் நுரையீரல் புதுசா முளைக்குமாம். நீ உதுக்குள்ளதானே இருக்கிறாய்? நீயே டொக்டரோட கதை."

அக்கா சொன்னது சாரங்கன் விற்கும் முகக் கிரீமை. 'அப்பிள் ஸ்டெம் செல், ஏழே நாளில் இளமை' என்று டப்பாவில் இருக்கும். இரண்டு வருடமாகக் கலியாண வீடு, பிறந்தநாள் வீடு எதையும் விடாமல் அதன் மகிமையை அவன் அளந்திருந்தான். அக்கா அதைக் கவனமாகக் கேட்டிருக்கிறாள் என்பதுதான் இப்போது வந்த வில்லங்கம். தெரியாது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாற்பத்துநாலு வருடத்தில் முதன்முறையாக அக்கா அவனை நம்பிப் பார்த்தாள்.

"ஓம் அக்கா, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றது வாய்.

டொக்டர் ஷஸ்னா களைத்திருந்தாலும் நின்று கேட்டார். சாரங்கன் தொண்டையைச் செருமிக்கொண்டு, டப்பாவின் பின்பக்கத்தில் படித்த நாலு சொற்களையும் வரிசை மாறாமல் ஒப்புவித்தான்.

"நீங்க இந்தத் துறையா?"

"ஓம் டொக்டர்... கொஞ்சம் தோல் பக்கம்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"வெள்ளவத்தை... மார்க்கெட்டுக்குக் கிட்ட."

டொக்டரின் முகக்கவசம் ஒருமுறை அசைந்தது. சிரித்திருக்க வேண்டும். "எலும்பு மச்சையில, தொப்புள்கொடியில இருந்து எடுக்கிற செல்லைக் குடுத்துப் பாக்கிறாங்க, உண்மைதான். ஆனா அது புது நுரையீரலா முளைக்கிறதில்ல. வீக்கத்தைத் தணிக்குமா எண்டுதான் பாக்கிறாங்க. இன்னும் பரிசோதனையில இருக்கு, உயிரைக் காப்பாத்தும் எண்டு சொல்ல ஏலாது. நாங்க இண்டைக்கு அவரைக் குப்புறப் படுக்க வைக்கப் போறோம்."

"குப்புறவா?"

"முதுகுப் பக்கத்து நுரையீரல் விரியும். அது பலனளிக்கும் எண்டு நல்லாத் தெரிஞ்ச விஷயம்."

இவ்வளவு படித்து மனிதரைக் கவிழ்த்துப் போடுவதா என்று யோசித்தபடி வெளியே வந்தவனிடம் அக்கா போனை நீட்டினாள்.

"ஒருத்தர் அந்த ஊசியைக் கொண்டுவந்து தாறாராம். நீ ஓம் எண்டால் வரச்சொல்லுறன்."

படத்தில் தங்க மூடி, பச்சை இலை, சிரிக்கும் ஒரு பெண். சாரங்கனின் கிரீம் டப்பாவிலும் இதேதான். அவனுக்குத் தெரிந்த ஒரே துறை அதுதான். இவனும் என்னைப்போல ஒருத்தன்!

"வேண்டாம் அக்கா. எனக்கு உதைப்பற்றி ஒண்டுமே தெரியாது. நான் விக்கிறது முகத்துக்குப் பூசுறது. அதுவும் வேலை செய்யுதோ தெரியாது. ஒரு வருசமா நானே பூசுறன். என்னைப் பார்."

அக்கா பார்த்தாள். நேரமெடுத்தே பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கைச் சிந்தினாள். "அப்ப எனக்கு ஏன்டா மூண்டு டப்பா தந்தனீ?" என்று கேட்டுவிட்டு, அந்த ஆளின் இலக்கத்தை அழித்தாள்.

அத்தானை நாளாந்தம் கவிழ்ப்பதும் நிமிர்த்துவதுமாக ஒரு கிழமை போனது. பதினோராம் நாள் குழாயைக் கழற்றினார்கள்.

வார்டில் மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்கள். உறிஞ்சினால் பந்துகள் எழவேண்டும். அத்தான் உறிஞ்ச, ஒரு பந்து பாதியில் நடுங்கி விழுந்தது.

"இப்பிடி இல்லை அத்தான்" என்று சாரங்கன் தாதியிடம் இன்னொன்று வாங்கிக் கண் பிதுங்க உறிஞ்சினான். இரண்டாவது பந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியது. மூன்றாவது அசையவே இல்லை.

"பக்கத்துக் கட்டில் காலியாத்தான் கிடக்கு" என்றார் அத்தான், கரகரத்த குரலில். பார்க்க வந்திருந்த நாகமணி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினார்.

அத்தான் மறுபடி உறிஞ்சினார். முதற்பந்து உச்சிவரை போய் ஒரு கணம் அங்கேயே நின்றது.