ஆவடிக்கு மட்டும் போன செய்தி

மூன்று ஊருக்கும் சுரேகாதான் செய்தி வாசித்தாள். ஆவடிக்கு நீலத் துப்பட்டா, அம்பத்தூருக்கு மஞ்சள், பூந்தமல்லிக்குப் பச்சை. நாற்காலி அதேதான், மேசையும் அதேதான். பின்னால் இருக்கும் லோகோ மட்டும் மாறும். ஒரே செய்தியை மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேள்விப்பட்ட மாதிரி வாசிக்க வேண்டும்.

போன வருஷம் வரை மூன்றும் தனித்தனி லோக்கல் சேனல்கள். கேபிள் இணைப்புகள் குறைந்துகொண்டே வந்தன, கடைக்காரர்கள் விளம்பரத்தை ஃபோனுக்கு மாற்றிக்கொண்டார்கள். மூன்று முதலாளிகளும் உட்கார்ந்து பேசி, ஸ்டுடியோவும் ஆட்களும் பொது என்று முடிவெடுத்தார்கள். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியைப் பிடித்தார்கள். பாதிக்கு மேல் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் சுரேகாவின் ஆவடி சேனலில் செய்திப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ரவிச்சந்திரனும் ஒருவர்.

சுரேகாவை வைத்துக்கொண்டதற்குக் காரணம் அவள் திக்காமல் வாசிப்பாள் என்பதுதான். புதிதாகப் பொறுப்பெடுத்த தமிழ்வாணன் முதல் நாளே அதைச் சொன்னார். அவர் பூந்தமல்லி சேனலிலிருந்து வந்தவர், சொந்த ஊர் திண்டிவனம். நல்ல மனிதர்தான். ஆனால் மூன்று பேர் செய்த வேலையை ஒருவராகச் செய்துகொண்டிருந்ததால் எப்போதும் மதியச் சாப்பாட்டைச் சாயங்காலம் சாப்பிடுகிறவராக இருந்தார்.

அன்றைக்கும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். மாலைச் செய்திப் பதிவு தொடங்கிவிட்டது. சுரேகா நீலத் துப்பட்டாவில் இருந்தாள். குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம், பள்ளி ஆண்டு விழா, மெட்ரோ வேலையால் பேருந்து மாற்றம். பிராம்ப்டரில் எழுத்துகள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன. அடுத்த வரி வந்தது.

"பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரி மோதியதில், இருசக்கர வாகனத்தில் சென்ற ஆவடி சேக்காட்டைச் சேர்ந்த மோட்டார் மெக்கானிக் லோகநாதன் சம்பவ இடத்திலேயே உயிரிழந்தார்."

வாசித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பல வருஷப் பழக்கத்தில் வாய் அதன் பாட்டுக்கு வாசித்துவிட்டது. சேக்காட்டில் அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் லோகநாதனின் கடை. தண்ணீர் மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டுகிறவர். போன கோடையில் அவள் வீட்டு மோட்டார் நின்றுபோனபோது வந்து சரிசெய்து, மனைவி பொன்னம்மாள் கொடுத்தனுப்பிய முருங்கைக்கீரையையும் வைத்துவிட்டுப் போனவர்.

அடுத்து வானிலை இருந்தது. அதையும் வாசித்தாள். வணக்கம் சொன்னாள். விளக்கு அணைந்ததும் எழுந்து தமிழ்வாணன் மேசைக்கு வந்தாள்.

"சார், அந்த லோகநாதன் செய்தி யார் குடுத்தது?"

"விஷால்தான். பூந்தமல்லியில ஸ்பாட்ல இருந்து அனுப்பினான். ஏன்?"

"எனக்குத் தெரிஞ்சவர் சார். அவர்தான்னு எப்படித் தெரியும்?"

"வண்டி பாக்ஸ்ல ஆர்.சி. ஜெராக்ஸ் இருந்திருக்கு. பேரு, அட்ரஸ் எல்லாம் அதுல இருக்கு. மோட்டார் கடைன்னு ஸ்டிக்கர் வேற ஒட்டியிருக்கு."

"வீட்டுக்கு யாராவது பேசினாங்களா?"

தமிழ்வாணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா பேசுறது? விஷால் ஒருத்தன் மூணு ஊருக்கும் ஓடுறான். நீ போய் மஞ்சளைப் போடு. அம்பத்தூருக்கு லேட்டாகுது."

"ஆவடியோடது போயிடுச்சா?"

கணினி முன்னால் இருந்த கனிமொழி மெதுவாகத் தலையாட்டினாள். வாசித்து முடித்ததுமே அனுப்பிவிடுவதுதான் அவள் வேலை. இந்நேரம் சேக்காட்டு வீடுகளில் அது ஓடிக்கொண்டிருக்கும்.

சுரேகா மஞ்சள் துப்பட்டாவை எடுக்கவில்லை. "ரவிச்சந்திரன் சார் இருந்தப்போ, சாவுச் செய்தின்னா முதல்ல அந்த வீட்டு ஆளுங்க கிட்ட பேசுவாரு சார். அவங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லுவாரு. யாராவது பேசட்டும். அதுக்கப்புறம் வாசிக்கிறேன்."

"இப்படி ஒவ்வொண்ணுக்கும் நின்னா எப்படிம்மா? அந்த ஒண்ணை மட்டும் விட்டுட்டு வாசி."

"ஆவடிக்குப் போனதை முதல்ல நிறுத்துங்க சார்."

அவள் இதற்கு முன் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. குரல் உயரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, தன் குரலில்தான் பொன்னம்மாள் அதைக் கேட்டிருப்பாள் என்ற நினைப்புதான் பெரிதாக இருந்தது.

தமிழ்வாணன் சாப்பாட்டு டப்பாவை மூடினார். பிறகு கனிமொழியிடம், "மூணுலயும் பாட்டைப் போடு. ஆவடி செய்தியை எடுத்துடு" என்றார்.

சுரேகா லோகநாதனின் எண்ணுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. பொன்னம்மாளின் எண் அவளிடம் இல்லை. ரவிச்சந்திரனைக் கூப்பிட்டாள். அவர் எடுத்ததும் நடந்ததைச் சொன்னாள்.

"அவர் ஊட்டு நம்பர் எங்கிட்ட கீதும்மா, இரு" என்றவர், சற்று நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "மூணு தடவ அடிச்சேன். கடைசியா யாரோ ஒரு பொம்பள எடுத்துச்சு. பின்னால ஒரே அழுகை. ஒண்ணும் கேக்கல, வச்சிட்டாங்க. நீ நேர்ல போ, சுரேகா. ஃபோன்ல ஆவாது."

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியபோது தமிழ்வாணன் பைக் சாவியோடு பின்னால் வந்தார். "எழுதினது நான். உன்னைத் தனியா அனுப்பிட்டு இங்க உக்காந்திருக்க முடியாது. ஏறு."

சி.டி.எச். சாலையில் எஸ்டேட் விட்ட நேரத்து நெரிசல். திருமுல்லைவாயில் தாண்டுவதற்குள் மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை நின்றபோது தமிழ்வாணனின் ஃபோன் அடித்தது. விஷால். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு சார். அந்த ஆளு சாகல. ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தேன். கால்ல முறிவு, தலையில அடி, ஆனா முழிச்சுட்டாரு. பேசுறாரு. அங்க நின்னவங்க உயிர் போச்சுன்னாங்க, நான் நம்பிட்டேன்."

"பேரு?" என்றார் தமிழ்வாணன்.

"அதான் சார். பேரு நாகப்பன். லோகநாதன் கிட்ட வண்டிய வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சாம். பேர் மாத்தவே இல்லையாம்."

பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. தமிழ்வாணன் வண்டியை நகர்த்தாமல் கண்ணை மூடிக்கொண்டார். சுரேகாவுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சீக்கிரம் போங்க சார்" என்றாள்.

சேக்காட்டில் லோகநாதன் வீட்டுத் தெருமுனையிலேயே கூட்டம் தெரிந்தது. யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நான்கைந்து ஆண்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேன் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்களின் அழுகை. சுரேகாவைப் பார்த்ததும் வாசலில் நின்றவர்கள் வழி விட்டார்கள். டிவியில் பார்க்கிற முகம் என்பதால் ஏதோ கூடுதல் செய்தி கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

பொன்னம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. பக்கத்து வீட்டு எல்லம்மாதான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

சுரேகா தரையில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, அது அவர் இல்லக்கா. வண்டிதான் அவர் பேர்ல இருக்கு. வண்டிய ஓட்டினது வேற ஒருத்தர். அவரும் உயிரோடதான் இருக்காரு. நாங்க தப்பா சொல்லிட்டோம்."

எல்லம்மாவின் அழுகை நின்றது. பொன்னம்மாள் சுரேகாவின் முகத்தையே பார்த்தாள்.

"நீதான சொன்ன?"

"நான்தான்க்கா சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்."

"உன் வாயால கேட்டுகினுதான இப்பிடி உக்காந்துகினு கீறேன். அப்ப சொன்னது பொய்யி, இப்ப சொல்றது மெய்யா? எத நான் நம்பறது?"

தமிழ்வாணன் கதவோரம் நின்று, "வண்டிய நாகப்பன்னு ஒருத்தருக்கு வித்தாராம்மா?" என்று கேட்டார்.

"வித்தாரு," என்றாள் பொன்னம்மாள். "கரையான்சாவடியாண்ட கடை வச்சிகினு கீறாரே, அவராண்ட." அந்தப் பெயர் வந்ததும் அவள் முகத்தில் லேசாக உயிர் திரும்பியது. உடனே மறுபடியும் இருண்டது. "அப்ப இந்த ஆளு எங்க? காலையில போனவரு. ஃபோன் ஏன் எடுக்கல?"

வேன் பேசிக்கொண்டிருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். எங்கே வேலைக்குப் போனார் என்று ஒருவர் கேட்க, முத்தாபுதுப்பேட்டை பக்கம் ஏதோ அடுக்குமாடி என்றாள் பொன்னம்மாள். அங்கே போய்ப் பார்க்கலாம் என்று தமிழ்வாணன் சாவியை எடுத்தார்.

அப்போது தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. முழங்கால் வரை சேறு, தோளில் கருவிப் பை, கையில் ஒரு கவர் வெண்டைக்காய். லோகநாதன் இறங்கிக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பினார். வீட்டு வாசலில் நாற்காலிகளையும் கூட்டத்தையும் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெண்டைக்காயைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"பொன்னு! யாருக்கு இன்னா ஆச்சு?"

வாசலில் நின்றவர்கள் அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அவர் எல்லோரையும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. "இன்னாடி கும்பலு இது? யாரு பூட்டாங்க?"

பொன்னம்மாள் எழுந்தாள். நேராக வந்து அவர் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அது வெகு நேரம் நிற்கவில்லை.

"ஃபோனை இன்னாய்யா பண்ணித் தொலைச்ச?"

"தண்ணி சம்புல உழுந்துட்சி. மோட்டாரத் தூக்கறப்போ சட்டப் பையில இருந்து நழுவிட்சி." அவர் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "யாராவது சொல்லுங்கப்பா. இன்னாதான் நடந்துச்சு?"

சுரேகாதான் சொன்னாள். ஒன்றையும் குறைக்காமல், தான் வாசித்தது வரை. லோகநாதன் கேட்டுக்கொண்டே வாசலிலிருந்து யாரோ எடுத்துவந்து போட்ட ஒரு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார், தனக்காகப் போடப்பட்ட நாற்காலிகளில் ஒன்று அது என்பது உறைக்காமல். அவருடைய முதல் கேள்வி நாகப்பனைப் பற்றித்தான்.

"பொழச்சிக்குவாரா?"

"முழிச்சிட்டாராம். கால்தான் முறிஞ்சிருக்கு," என்றார் தமிழ்வாணன்.

"அது போதும்பா. பேரு மாத்திக்கலாம், மாத்திக்கலாம்னு ரெண்டு பேருமே வுட்டுட்டோம்."

கூட்டத்தில் ஓர் இளைஞன் கோபமாக, இவர்களைச் சும்மா விடக் கூடாது, போலீசில் சொல்ல வேண்டும் என்றான். இன்னும் சிலர் ஆமாம் என்றார்கள். தமிழ்வாணன் எதையும் மறுக்கவில்லை. "சொல்லுங்க. எம் பேரு தமிழ்வாணன். எழுதினது நான்தான். விசாரிக்காம எழுதிட்டேன்" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று சுரேகா எதிர்பார்க்கவில்லை.

லோகநாதன் கையை அசைத்து அந்த இளைஞனை அடக்கினார். "அதெல்லாம் அப்பால பாக்கலாம். இன்னொரு வேலை கீது. எங்க அக்கா திருநின்றவூர்ல கீது. அதுக்கு மொதல்ல தெரியணும். இன்னும் எவன் எவன் மாலை வாங்கிகினு வரானோ. டிவியில சொன்னத டிவியிலயே மாத்திச் சொல்லுமா."

சுரேகா அங்கேயே சொன்னாள். தமிழ்வாணன் ஃபோனில் படம் பிடித்தார். துப்பட்டா எதுவும் மாற்றவில்லை, பிராம்ப்டர் இல்லை. சேற்றுக் காலோடு லோகநாதன் பக்கத்தில் நின்றார், பொன்னம்மாள் அவர் கையை விடவில்லை. "சற்று முன் ஆவடிச் செய்தியில் நான் வாசித்தது தவறு. சேக்காடு லோகநாதன் நலமாக இருக்கிறார். அவருடைய குடும்பத்தாரிடம் விசாரிக்காமல் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறோம்." இரண்டு இடத்தில் திக்கினாள். தமிழ்வாணன் திரும்ப எடுக்கச் சொல்லவில்லை. அவர் அனுப்பியதும் கனிமொழி அதை மூன்று சேனலிலும் ஒரே நேரத்தில் விட்டாள்.

திருநின்றவூர் அக்கா ஆட்டோவில் பாதி வழியில் இருந்தபோதே அதை யாரோ ஃபோனில் காட்டிவிட்டார்கள். அவள் வந்து தம்பியைத் திட்டித் தீர்த்தாள். அழுவதற்கு வந்தவர்களுக்கெல்லாம் எல்லம்மா டீ போட்டாள். போலீசுக்குப் போக வேண்டும் என்ற இளைஞன்தான் தம்ளர்களை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். சுரேகாவுக்கும் ஒன்று வந்தது. பொன்னம்மாள் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஆனால் பேசவில்லை. பேசுவதற்குச் சில நாளாகும் என்று சுரேகாவுக்குத் தெரிந்தது. அது நியாயம்தான் என்று பட்டது.

முதலாளிகளில் இளையவரான விக்ரம் மறுநாள் காலையில் எல்லோரையும் கூப்பிட்டார். சுரேகா இரவே மனதைத் தயார் செய்துகொண்டு போனாள். அவர் முதலில் கத்தினார். வாசிக்க மறுத்ததற்கு ஒரு தடவை, அனுமதி இல்லாமல் மன்னிப்புக் கேட்டதற்கு ஒரு தடவை. தமிழ்வாணன் குறுக்கே பேசினார். "அவ நிறுத்தலேன்னா மூணு ஊர்லயும் போயிருக்கும் சார். லோகநாதன் வீட்டுல யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தா நாம இப்ப இங்க உக்காந்திருக்க மாட்டோம்." விக்ரம் கத்துவதை நிறுத்தினார். பிறகு, இனிமேல் சாவுச் செய்தியை வீட்டாரிடம் பேசாமல் போட வேண்டாம், லேட்டானால் ஆகட்டும் என்றார். பேசுவதற்கு ரவிச்சந்திரனைத் திரும்பக் கூப்பிடவும் ஒத்துக்கொண்டார், பாதிச் சம்பளத்துக்கு.

சுரேகாவே ஃபோன் செய்து அதைச் சொன்னாள். ரவிச்சந்திரன் சிரித்தார்.

"வேணாம்மா. இப்பதான் வேளாவேளைக்குச் சாப்பிடுறேன். ஆனா ஆவடிப் பக்கம் எந்த ஊட்டு நம்பர் வேணும்னாலும் கூப்பிடு. நா எடுப்பேன்."

அவளுக்கு அதில் வருத்தம் இருந்தது. ஆனாலும் ஃபோனை வைத்தபோது மனசு லேசாகத்தான் இருந்தது. அன்று மாலை பூந்தமல்லிக்கு வாசித்து முடித்து ஸ்டுடியோவிலிருந்து இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. தமிழ்வாணன் கீழே டீக்கடைக் கூரைக்கடியில் நின்று, அன்றைக்குத்தான் முதல் தடவையாக மத்தியானமே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். இரண்டு பேரும் மழை விடும் வரை விஷால் மூன்று ஊருக்கும் ஓடுகிற ஓட்டத்தைப் பேசிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.